மனிதருக்கு மனித இரத்தமே: ஜேம்ஸ் புளுண்டெல்

இரத்தமேற்றலின் வரலாற்றைக் கூறும் கட்டுரைகள் பலவற்றில் ஒரு தவறான தகவல் திரும்பத் திரும்ப இடம்பெற்று வருகிறது. 1818 ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஜேம்ஸ் புளுண்டெல் என்னும் வைத்தியர், பிரசவத்தின் பின்னரான இரத்தப்பெருக்கினால் உயிருக்குப் போராடிய ஒரு தாய்க்கு அவளது கணவனின் இரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றினார் என்பதே அத்தகவல். மனதை உருக்கும் கதைதான். ஆனால் அந்த ஆண்டுக்குரியதாகப் புளுண்டெல் தாமே எழுதி வெளியிட்ட அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. 1818 இல் அவர் இரத்தம் ஏற்றியது தாய் ஒருத்திக்கல்ல. இரைப்பை நோயினால் உணவு எதுவும் உள்ளே தங்காமல் வாடி ஒடுங்கிப் போயிருந்த ஓர் ஆண்மகனுக்கு. அவர் பிழைக்கவுமில்லை. 56 மணித்தியாலங்களின் பின்னர் இறந்து போனார்.

புளுண்டெலின் புகழைக் குறைக்கும் நோக்கத்துடன் நாம் இதனைக் குறிப்பிடவில்லை. வெற்றிக் கதையாக மாற்றி எழுதப்பட்ட அந்தத் தோல்வியை அவர் ஒளிக்காமல் பதிவு செய்தார். அதன் பின்னரும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அதே பாதையில் அவசரமின்றி நடந்தார். அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது என்பது எமது எண்ணம்.

1790 ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் பிறந்த புளுண்டெலைக் கைபிடித்து வைத்தியத் துறைக்குள் அழைத்து வந்தவர் அவரது தாய்மாமனாரான ஜோன் ஹைட்டன். தேம்ஸ் நதியின் தென்கரையில் அருகருகே அமைந்திருந்த கைஸ், சென். தோமஸ் ஆகிய இரு வைத்தியசாலைகளிலும் பயின்ற மாணவர்களுக்கு ஹைட்டன் உடற்றொழிலியலையும் மகப்பேற்று வைத்தியத்தையும் ஒருசேரப் போதித்து வந்தார். விலங்குகளின் மீது அவர் செய்த பரிசோதனைகளின் கடுமையினால் இரக்கமற்ற டொக்டர் என்ற பட்டப்பெயரும் அவருக்கு இருந்தது. மருமகன் விடயத்தில் மட்டும் அவர் இரக்கத்துடனேயே நடந்திருக்கிறார். தாய்மாமன் முறைக்குரிய கடமையில் குறையொன்றும் வைக்கவில்லை.

புளுண்டெல் 1813 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு இரத்தத்தைப் பற்றியதன்று. கேட்கும் புலனுக்கும் இசையை உணரும் புலனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. அடுத்த ஆண்டே லண்டன் திரும்பி மாமனாருக்குத் துணையாக விரிவுரை நிகழ்த்தத் தொடங்கிய அவர், சில ஆண்டுகளில் அவரது இடத்துக்கே வந்தார். அக்காலத்து லண்டனில் மகப்பேற்று வைத்தியம் பயில அதிகமான மாணவர் திரண்ட வகுப்பு புளுண்டெலுடையது என்பர். உடலின் தொழிற்பாட்டை ஆராயும் பாடமும் பிரசவம் பார்க்கும் பாடமும் ஒரே ஆசிரியரிடம் கூடியிருந்தமை தற்செயலாக நேர்ந்த ஏற்பாடுதான். ஆனால் பின்னர் நடந்தவை அனைத்துக்கும் அதுவே வித்தாயிற்று.

இரத்தப்பெருக்கினால் இறந்து கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்க்குமாறு ஒருநாள் அவருக்கு அழைப்பு வந்தது. அவர் போய்ச் சேர்ந்த வேளையில் இரத்தம் போவது நின்றிருந்தது. ஆயினும் அதற்கு முன்னரே அவள் இழந்திருந்த அளவு பெரிது. சூழ நின்ற வைத்தியர்கள் தமக்குத் தெரிந்த அனைத்தையும் செய்தும் இரண்டு மணித்தியாலங்களுக்குள் அவள் உயிர் பிரிந்தது. காயம் ஆறிவிட்டது, கசிவு நின்றுவிட்டது, நோயென்று சொல்ல வேறெதுவும் இல்லை. இருந்தும் ஒருத்தி இறக்கிறாள். உடற்றொழிலியல் கற்பித்த ஆசிரியருக்கு இது விடை தேட வேண்டிய ஒரு வினாவாகத் தோன்றியது. வெளியேறியதைத் திரும்ப நிரப்பியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா?

எமது வீடுகளிலும் பாட்டி, பூட்டி காலத்துக் கதைகளில் இப்படி இறந்துபோன ஒருத்தி பெரும்பாலும் இருப்பாள். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி இன்றும் ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் தாய்மார் பிரசவத்தின் பின்னரான இரத்தப்பெருக்கினால் உயிரிழக்கின்றனர். புளுண்டெலின் காலத்திலோ, பெருக்கு ஓர் அளவைக் கடந்துவிட்டால் பார்த்துக் கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

ஓர் உடலின் இரத்தத்தை இன்னோர் உடலுக்குச் செலுத்துவது புளுண்டெலின் மூளையில் முதன்முதலாக உதித்த எண்ணமன்று. இரத்தம் உடலினுள் வட்டமாகச் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628 இல் நிறுவிய பின்னர் அத்தகைய எண்ணம் பலருக்கும் எழுந்தது. (இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் சுவாசப்பைகளின் ஊடாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்று அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கெய்ரோவில் எழுதி வைத்தவர் இப்னு அந்நபீஸ் என்பதையும், அந்தக் கையெழுத்துப் பிரதி 1924 இல்தான் பேர்லின் நூலகமொன்றில் எகிப்திய வைத்தியர் ஒருவரின் கண்ணில் பட்டது என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமற் செல்ல எமக்கு மனமில்லை.) 1660 களின் நடுப்பகுதியில் ஒக்ஸ்போர்ட்டில் ரிச்சர்ட் லோவர் ஒரு நாயின் நாடியை இன்னொரு நாயின் நாளத்துடன் குழாயினால் இணைத்து, இரத்தமிழந்து சாகும் நிலையில் இருந்த நாயை எழுப்பிக் காட்டினார். 1667 இல் பாரிஸில் ஜோன் பப்டிஸ்ட் டெனி என்பவர், வைத்தியர்களால் இருபது தடவை இரத்தம் வடிக்கப்பட்டுச் சோர்ந்து கிடந்த சிறுவன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஏற்றினார். அவன் பிழைத்தான். அதே ஆண்டு நவம்பரில் லோவரும் லண்டனில் ஆர்தர் கோகா என்பவருக்குச் செம்மறியாட்டின் இரத்தத்தை ஏற்றினார். அதற்கு இருபது சிலிங் கூலி. கோகாவும் பிழைத்தார்.

இவர்கள் தேடியது இழந்த இரத்தத்துக்கு ஈடு அன்று. சாதுவான ஆட்டின் இரத்தம் உட்சென்றால் மனிதனின் மூளைக்கொதிப்புத் தணியும், குணம் மாறும் என்று நம்பினர். டெனி சித்தம் கலங்கிய ஒருவனுக்குக் கன்றின் இரத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்ற, 1668 இல் அவன் இறந்தான். வழக்கு நடந்தது. மனைவியே நஞ்சூட்டினாள் என்று நீதிமன்றம் கண்டு டெனியை விடுவித்தாலும், பிரான்சில் அதிகாரிகளின் தடை வந்தது. இங்கிலாந்திலும் ஆர்வம் அற்றுப் போயிற்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் இந்த முயற்சியைத் தீவிரமாக எடுத்துச் செய்வார் எவருமில்லை.

புளுண்டெல் அந்தக் கதவைத் திறந்தபோது முதலில் நோயாளியிடம் போகவில்லை. நாய்களிடம் போனார். மயக்க மருந்து பயன்பாட்டுக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்த காலம் அது. அப்பிராணிகள் பட்ட வேதனையை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை, புளுண்டெலும் மறைக்கவில்லை. பின்னர் வெளியிட்ட நூலில், இத்தகைய பரிசோதனைகள் நியாயமானவைதாமா என்ற கேள்வியை எடுத்துத் தமது தரப்பு வாதத்தை விரிவாகவே முன்வைத்தார்.

அவர் கேட்ட கேள்விகள் சிறியவை, ஒவ்வொன்றும் விடை காணக்கூடியவை. பழைய முறையில் நாடியையும் நாளத்தையும் நேரடியாக இணைக்க வேண்டும். மனிதக் கொடையாளியின் நாடியை வெட்டுவது ஆபத்து. அப்படியானால் கையின் நாளத்திலிருந்து கிண்ணத்தில் வடித்த இரத்தத்தைப் பித்தளைப் பீச்சுக்குழலினால் உறிஞ்சிச் செலுத்தினால் போதுமா? உலோகக் குழலின் ஊடாகச் சென்ற இரத்தம் உயிரூட்டும் தன்மையை இழக்குமா? கிண்ணத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம்? குழலில் தங்கிய சிறு காற்றுக் குமிழி நாளத்தினுள் சென்றால் மரணம் நேருமா? சுவாசம் நிற்குமளவுக்கு இரத்தமிழந்த நாய்கள் பீச்சுக்குழலினால் செலுத்திய இரத்தத்தினால் எழுந்து நின்றன. குழல் தீங்கு செய்யவில்லை. நாளத்து இரத்தமே போதுமானது. சிறிதளவு காற்று கொல்லவில்லை. தாமதமே எதிரி, சில வினாடிகள் கூடுதலாகக் கிண்ணத்தில் நின்றாலும் இரத்தம் உறையத் தொடங்கிப் பயனற்றதாகிவிடுகிறது.

இவற்றுள் முதன்மையானது, யாருடைய இரத்தம் யாருக்கு என்ற கேள்வி. இதில் புளுண்டெலுக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து எடின்பரோவுக்குப் படிக்க வந்த ஜோன் ஹென்றி லீகொக் என்பவர், இரத்தம் கொடுக்கும் உயிரும் பெறும் உயிரும் ஒரே இனத்தவையாக இருக்க வேண்டும் என்று 1817 இல் தமது பட்ட ஆய்வில் வாதிட்டிருந்தார். புளுண்டெல் அதனைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டு மேற்சென்றார். மனித இரத்தத்தை நாய்களுக்குச் செலுத்தியபோது அவை பிழைக்கவில்லை. நாயின் இரத்தத்தினால் நாய் எழுகிறது, மனிதனின் இரத்தத்தினால் மடிகிறது என்றால், ஆட்டின் இரத்தம் மனிதனுக்கு எப்படி ஆகும்? மனிதருக்கு மனித இரத்தத்தையே ஏற்ற வேண்டும் என்று அவர் விதித்தார். அவரிடம் நகைச்சுவையும் இருந்தது. அவசர வேளையில் விலங்குக்கு எங்கே போவது, சீட்டியடித்தால் நாய் வரும், ஆனால் அது சிறிய பிராணி. கன்றுக்குட்டி அளவில் பொருந்தும், ஆயினும் அதற்கு மாடிப்படி ஏறிவரக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லையே என்று மாணவர்களிடம் கேலியாகச் சொல்வாராம்.

ஓரின உயிருக்கும் வேறோரின உயிருக்கும் இடையில் மட்டுமே புளுண்டெல் கோடு கிழித்தார். மனிதருக்குள் அவர் எந்தக் கோட்டையும் கிழிக்கவில்லை. ஏறத்தாழ 125 ஆண்டுகளின் பின்னர், இரத்த வகைகளெல்லாம் தெளிவாக அறியப்பட்டிருந்த காலத்தில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பின மக்களின் இரத்தத்தை முதலில் ஏற்க மறுத்தது. 1942 முதல் ஏற்றுக்கொண்ட பின்னரும் தனியாகப் பிரித்து அடையாளமிட்டு வைத்தது. 1950 வரை அது தொடர்ந்தது. அதற்கு உடற்றொழிலியல் காரணம் எதுவும் இருக்கவில்லை.

பரிசோதனைகளின் முடிவுகள் 1818 இல் லண்டன் வைத்திய, சத்திரசிகிச்சைக் கழகத்தின் வெளியீட்டில் வந்தன. அதே ஆண்டில் கைஸ் வைத்தியசாலையில் நடந்ததே நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட சம்பவம். முப்பது, நாற்பது நிமிடங்களாகப் பலரிடமிருந்து பெற்ற 12 முதல் 14 அவுன்ஸ் வரையிலான இரத்தம் சிறுசிறு அளவாகச் செலுத்தப்பட்டது. நோயாளிக்குச் சிறிது தெம்பு வந்தது, பின்னர் தளர்ந்தார். குணமாகும் வாய்ப்பே இல்லாத ஒருவரிடம் இதனைச் செய்தது சரியா என்ற கேள்வி எழலாம். வேறெந்த வழியும் எஞ்சியிராத நோயாளியிடம் மட்டுமே இதனை முயல வேண்டும் என்பதைப் புளுண்டெல் தமக்கு விதியாக வைத்திருந்தார் என்பதே அதற்குக் கூறத்தக்க விடை. அந்த விதிக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அவரிடம் வந்தவர்கள் சாவின் விளிம்பில் இருந்தவர்கள். சிலர் இரத்தம் செலுத்தத் தொடங்கும்போதே ஏறத்தாழ இறந்துவிட்டிருந்தனர்.

1820 களில் அவரும் அவரைப் பின்பற்றிய சார்ள்ஸ் வோலர் முதலிய வைத்தியர்களும் பிரசவத் தாய்மாரிடம் இம்முறையைக் கையாண்டனர். 1825 அளவில் பயன் தென்படலாயிற்று. புளுண்டெல் தாமே செய்தவை ஏறத்தாழ பத்து. அவற்றுள் பாதியளவே நன்மை தந்தன என்று கணக்கிடப்பட்டுள்ளது. கொடையாளி பெரும்பாலும் கணவர், அல்லது உதவிக்கு நின்ற இளம் வைத்தியர். எதற்கெடுத்தாலும் கையைக் கீறி இரத்தம் வடிப்பதே வைத்தியமாக இருந்த காலமாகையால், கொடுக்கச் சொன்னபோது எவரும் அஞ்சி ஓடவில்லை. இரத்தத்தை வெளியேற்றிக் குணப்படுத்தும் வைத்திய உலகில், அதனை உள்ளே செலுத்திக் காப்பாற்றலாம் என்று ஒருவர் சொன்னதே புதுமை.

கருவிகளையும் அவரே வடிவமைத்தார். முதலில் அமைத்ததில், வெந்நீர் சூழ்ந்த புனல் ஒன்றில் இரத்தம் விழ, பீச்சுக்குழல் அதனைத் தள்ளும். பின்னர் வந்த கருவி இன்னும் எளிது. கதிரையொன்றில் பொருத்திய தண்டின் உச்சியில் கிண்ணம். கொடையாளியின் கையிலிருந்து அதனுள் விழும் இரத்தம் தன் பாரத்தினாலேயே நீண்ட குழாய் வழியே இறங்கி, படுக்கையில் கிடப்பவளின் நாளத்தை அடையும். இன்று கட்டிலருகே உயரத்தில் தொங்கும் இரத்தப் பையைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. அக்கருவியின் படத்துடன் கூடிய அவரது கட்டுரை 1829 ஜூன் மாதத்து லான்செட் இதழில் வெளியாயிற்று. அதே ஆண்டு அவ்விதழ் இன்னொரு செய்தியையும் தந்தது. பிரசவத்தின் பின்னர் இரத்தப்பெருக்கினால் சாகும் நிலைக்கு வந்திருந்த 25 வயதுத் தாய் ஒருத்திக்கு, உதவி வைத்தியர் ஒருவரின் கையிலிருந்து எடுத்த 8 அவுன்ஸ் இரத்தம் மூன்று மணித்தியாலங்களாகச் செலுத்தப்பட்டது. இரத்ததான முகாமில் இன்று ஒருவரிடம் பெறும் 450 மில்லிலீற்றரில் அது அரைவாசிதான். அவள் பிழைத்தாள். உடலுக்குள் உயிரையே ஊற்றுவது போல இருந்ததாகப் பின்னர் சொன்னாள்.

புளுண்டெலின் ஏனைய பணிகளை இங்கே விரித்துரைக்க இடமில்லை. முயல்களில் பரிசோதித்து, வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைகளுக்கு வழி தேடியமை, மீண்டும் கருத்தரித்தால் ஆபத்து என்ற நிலையிலுள்ள பெண்களுக்குக் கருக்குழாய்களை வெட்டிவிடலாம் என்று முன்மொழிந்தமை ஆகியன அவற்றுட் சில. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பிரசவக் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் அந்நாளைய தாய்மாரை இரத்தப்பெருக்கைப் போலவே வாரிக்கொண்டு போயிற்று. அது வைத்தியர், மருத்துவிச்சி ஆகியோரின் கைகளினாலும் உடைகளினாலும் பரவக்கூடும் என்று புளுண்டெல் தமது விரிவுரைகளில் எச்சரித்தார். அந்நோய் நிலவும் காலத்தில், தமக்கு வேண்டிய ஒரு பெண் சிறந்த மாளிகையில் சிறந்த வைத்தியரிடம் பிரசவிப்பதை விட, எவர் துணையுமின்றி ஒரு தொழுவத்தில் பிரசவிப்பதையே தாம் விரும்புவதாக அவர் சொன்னார். அமெரிக்கரான ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் 1843 இல் இதே விடயத்தை எழுதியபோது புளுண்டெலைச் சான்றாகக் காட்டினார். வியன்னாவில் செம்மெல்வைஸ் தமது மாணவர்களைக் கைகழுவ வைத்தது 1847 இல்.

1830 களின் நடுப்பகுதியில் கைஸ் வைத்தியசாலையின் பொருளாளராக இருந்து அதனைத் தனியாட்சி போல நடத்திய பெஞ்சமின் ஹரிசனுடன் ஏற்பட்ட பிணக்கினால் புளுண்டெல் வைத்தியசாலையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது அளவில்தான் இருக்கும். மிகப் பெரிய மாணவர் கூட்டமும் ஆய்வுக்குரிய இடமும் ஒருசேரக் கைநழுவின. அதன் பின்னர் இரத்தமேற்றல் குறித்து அவரிடமிருந்து குறிப்பிடத்தக்க ஆய்வு எதுவும் வரவில்லை. தனியார் வைத்தியராகச் செல்வம் சேர்த்தார். நண்பகலுக்கு முன்னர் எழுவதில்லை என்றும், இரவில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் வண்டிக்குள் விளக்கும் நூல்களும் வைத்திருந்தார் என்றும் அவரைப் பற்றிக் கூறுவர். 1847 அளவில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற அவர், மேலும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து 1878 ஜனவரி 15 ஆம் திகதி லண்டனில் காலமானார். விட்டுச் சென்ற சொத்து ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பவுண்.

அவர் கண்ணெதிரிலேயே அவரது விதியை வைத்தியர் சிலர் கைவிட்டமை இந்த வரலாற்றின் துயரமான பகுதி. 1874 இல் ஜேர்மனியில் ஒஸ்கார் ஹாசே என்பவர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றும் பழைய முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்து நூல் எழுத, அது சிறிது காலம் ஐரோப்பாவில் பரவலாயிற்று. அமெரிக்காவிலோ பசுப்பாலை நாளத்தினுள் செலுத்தினார்கள். ஓரினத்தின் இரத்தம் இன்னோரினத்தின் உடலில் சிதைந்து போகிறது என்பதை 1875 இல் லியோனார்ட் லாண்டுவா ஆய்வுகூடத்தில் தெளிவாகக் காட்டிய பின்னரே ஆட்டிரத்தத்தின் பக்கம் போவது நின்றது.

மனித இரத்தமே எல்லா மனிதருக்கும் பொருந்தாது என்பதைப் புளுண்டெல் அறிந்திருக்க வழியில்லை. கார்ள் லான்ட்ஸ்டெய்னர் வியன்னாவில் இரத்த வகைகளைக் கண்டு எழுதியது 1901 இல். பிரித்தானியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஓ வகையினர், ஐந்தில் இருவர் ஏ வகையினர். ஆகவே அங்கு கண்ணை மூடிக்கொண்டு ஒருவரின் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினாலும் மூன்றில் இரண்டு தடவைகள் பொருந்திவிடும். ஒரே நோயாளிக்குப் பலரின் இரத்தத்தை ஏற்றும்போது அந்த வாய்ப்புக் குறைந்துவிடும். புளுண்டெல் கிண்ணத்தருகே நின்று வினாடிகளை எண்ணியதற்குக் காரணமான உறைதலைச் சோடியம் சித்திரேற்று என்னும் உப்பினால் தடுக்கலாம் என்பது 1914 இல் பிரசெல்சிலும் புவனஸ் அயர்சிலும் காட்டப்பட்டது. 1917 இல் பிரான்சின் போர்முனையில் ஒஸ்வால்ட் ரொபட்சன் என்னும் இராணுவ வைத்தியர், ஓ வகை இரத்தத்தைப் போத்தல்களில் நிரப்பிப் பனிக்கட்டியிட்ட பெட்டிகளில் அடுக்கி, காயப்பட்டவர் வருவதற்கு முன்னரே தயாராக வைத்திருந்தார்.